பிட்டு ஏன் சோக்குக்கட்டி மாதிரி வருகுது?

கேள்வி: அக்கா, பொலிமர் களியில் (சூட்டில் இறுகுகிற பிளாஸ்டிக் களி) பொம்மைவீட்டு அளவுக்குப் பிட்டும் நண்டுக்கறியும் செய்து பார்த்தேன். நண்டு பரவாயில்லை. பிட்டைப் பார்க்கிற எல்லாரும் சோக்குக்கட்டியா என்று கேட்கினம். எங்கே பிழை விட்டேன்?
– வாசகி, கொக்குவில்

பதில்: வெள்ளைக் களியை அப்படியே எடுத்திருப்பீர், தங்கச்சி. நானும் அதைத்தான் செய்தேன். என் முதல் பிட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த அம்மா, "மாவை வறுக்காமலே குழைச்சுப் போட்டாய்" என்றா. அவ சொன்னது சரி. வறுத்த அரிசிமா தனி வெள்ளை இல்லை. அவிந்த பிறகு வெளிச்சமும் கொஞ்சம் உள்ளே இறங்கும். ஆகவே ஒளி புகும் களி மூன்று பங்கு, வெள்ளை ஒரு பங்கு, குண்டூசித் தலையளவு மண்ணிறம் சேர்த்துப் பிசையும். சிவப்பரிசிமாப் பிட்டென்றால் மண்ணிறத்தைக் கூட்டும்.

அடுத்தது மணி. பிட்டின் உயிரே அதுதான். நாங்கள் செய்வது 1:12 அளவு, அதாவது நிசத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. குசினியில் 3 மில்லிமீற்றர் இருக்கிற மணி இங்கே கால் மில்லிமீற்றர். ஊசியால் எவ்வளவு குத்தினாலும் அது வராது. கலந்த களியை முதலில் கட்டியாகவே சுட்டு, ஆறவிட்டு, சாதிக்காய் துருவுகிற சின்னத் துருவியில் துருவும். தேத்தண்ணி வடியில் அரித்துப் பெரிசுகளை ஒதுக்கும். தனி வெள்ளைக் களியையும் சுட்டுப் பிளேட்டால் சுரண்டினால் தேங்காய்ப்பூ. இரண்டையும் ஒரு சொட்டுத் திரவக் களியில் பிரட்டும். கூடினால் கூழாகிவிடும், பிட்டு உதிரவேண்டும். நீத்துப்பெட்டிப் பிட்டென்றால் கூம்பாக, குழல் பிட்டென்றால் உருளையாக, அமத்தாமல் குவித்துத் திரும்பவும் சுடும். இரண்டாம் தரம் சுட்டால் பழுதில்லை. எனக்கு நீத்துப்பெட்டிக் கூம்புதான் விருப்பம், ஒரு பக்கம் கொஞ்சம் உடைந்து உதிர்ந்தபடி. அந்தத் துருவியும் வடியும் இனிச் சமையலுக்கு வேண்டாம்.

கேள்வி: வெயிலில் காயவைத்தால் போதாதா? அவணில் வைத்த இடியப்பம் கருகிப் போகுது.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: போதாது, தம்பி. தண்ணீர் வற்றிக் காய்கிற களிமண் இல்லை இது. பீ.வீ.சீ. தூளும் அதை இளக்கி வைத்திருக்கிற எண்ணெய் போன்ற பொருளும் சேர்ந்தது. சூட்டில்தான் இரண்டும் இறுகிப் பிணையும். பைக்கற்றில் போட்டிருக்கிற சூட்டைப் பாரும். ஃபிமோ என்கிற வகைக் களிக்கு 110 பாகை செல்சியஸ், ஸ்கல்பி என்கிற வகைக்கு 130. அவணின் குமிழை மட்டும் நம்பவேண்டாம். என்னுடைய அவணில் 130இல் திருப்பினால் உள்ளே 150 நிற்கும். ஒரு தட்டு இடியப்பம் போன பிறகுதான் வெப்பமானி வாங்கி வைத்தேன். இடியப்ப இழை மெல்லிசு, கம்பிச் சூடு நேரே படக்கூடாது. ரைல் துண்டொன்றில் வைத்து, அலுமினியத் தாளைக் கூடாரம் போல மேலே கவிழ்த்து, அரை மணித்தியாலம் விடும்.

களி கருகினால் ஹைட்ரஜன் குளோரைட் புகை வரும். கண்ணும் தொண்டையும் எரியும். அந்த மணம் வந்தவுடன் அவணை நிற்பாட்டி, யன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போம்.