ஆட்டக்கார வீட்டுப் பிள்ளைகள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீடு ஆட்டக்கார வீடு. அப்பா வாலிபால், அத்தை ஓட்டப்பந்தயம், நான் டென்னிஸ். சாயங்காலம் ஆனால் வீட்டில் ஆள் இருக்காது. அதே ஆசையில் பையனை ஆறு வயதில் டென்னிஸ் பயிற்சியில் சேர்த்தேன். இப்போது அவனுக்கு ஒன்பது. வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சி. சனி, ஞாயிறில் மேட்ச் என்று இன்னொரு நான்கு மணி நேரம் போய்விடும். என் பழைய ராக்கெட்டை வைத்துத்தான் ஆடுகிறான். ஆறு மாதமாக, காலையில் எழுந்தால் வயிறு வலி, குதிகால் வலி என்கிறான். அதெல்லாம் சாக்கு என்கிறார் அப்பா. ஆறு வயது மகளோ பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஜன்னல் கம்பியில் தொங்குவதுதான் அவளுக்கு விளையாட்டு. எங்களுக்கு வந்தது இவர்களுக்கு ஏன் வரவில்லை? எந்த விளையாட்டு ஒத்துவரும் என்று மரபணுச் சோதனை செய்து பார்க்கச் சொல்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் குதிகால். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

இன்று ராத்திரி பையனைக் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலின் பின்பகுதியை இரண்டு பக்கமும் விரல்களால் சேர்த்து அழுத்துங்கள். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டால் அது சாக்கு இல்லை. ஏறக்குறைய எட்டிலிருந்து பதினான்கு வயது வரை குதிகால் எலும்பின் பின்பக்கம் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். கெண்டைக்கால் தசை தன் நாண் வழியாக அந்த இடத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீண்டுகொடுப்பதில்லை. கெட்டித் தரையில் ஓடி, சட்டென்று நின்று, திரும்ப ஓடும்போது அந்த இடம் நொந்துபோகிறது. ‘சீவர்’ என்று டாக்டர்கள் பெயர் சொல்வார்கள். தானாகத் தீரக்கூடியதுதான். ஆனால் வலியோடு ஆடவைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஓட்டத்தையும் குதிப்பையும் குறைக்கவேண்டும், ஷூவுக்குள் குதிகாலுக்கு மெத்தென்ற திண்டு வைக்கவேண்டும், ஆடிய பிறகு துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம். படுத்திருக்கும்போதும் வலித்தால், நொண்டினால், வீங்கினால், காய்ச்சல் இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். அழுத்தும்போது வலி இல்லையென்றாலும், ஆறு மாதம் நீடித்த வலியை ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது.

கூடவே சுவரில் ஒரு கோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து தேதி போடுங்கள். எப்போதும் காலையிலேயே அளக்கவேண்டும். சாயங்காலத்துக்குள் ஆள் ஒரு செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுவான். இந்த வயதில் வருடத்துக்கு ஐந்தாறு செ.மீ. வளர்வது வழக்கம். மூன்று மாதத்தில் இரண்டு செ.மீ. தாண்டினால் அந்தப் பருவத்தில் சுமையைக் குறையுங்கள். போன மாதம் எளிதாக எடுத்த பந்தை அவன் அப்போது தவறவிடுவான். கைகால் நீளம் மாறியதைப் பழக அவகாசம் வேண்டாமா? அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது நம் வழக்கம்.

வயிற்று வலிக்கு ஒரு நாட்காட்டி போதும். எந்தெந்த நாளில் வலிக்கிறது என்று மூன்று வாரம் குறியுங்கள். பயிற்சி நாளில் மட்டும் வந்தால் பயிற்சியில் ஏதோ இருக்கிறது. மேட்ச் நாளில் மட்டும் வந்தால் அது தோற்கும் பயம், அல்லது தோற்றபின் வீடு திரும்பும் வழியில் கேட்கப்போவதைப் பற்றிய பயம். எல்லா நாளும் வந்தால் டாக்டர் பார்க்கவேண்டிய வயிறு.

இப்போது கணக்கு. ஆறும் நாலும் பத்து மணி நேரம். பயிற்சியும் மேட்சும் சேர்த்து வாரத்துக்குப் பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. உங்கள் பையன் தாண்டிவிட்டான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் கண்டிப்பானது: வாரம் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அந்த ஒரே விளையாட்டிலிருந்து வருடத்தில் மூன்று மாதம் விடுப்பு, ஒவ்வொரு மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம், பதினைந்து பதினாறு வயதுக்கு முன் ஒரே ஆட்டத்தில் பிள்ளையைக் கட்டிப்போடுவது பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தேவையில்லை. இரண்டு நாள் பயிற்சி போதும். மேட்சுகளை இரண்டு மாதம் நிறுத்திவையுங்கள்.

உங்கள் பழைய ராக்கெட்டையும் பரணில் வையுங்கள். பெரியவர்கள் ராக்கெட் 27 அங்குலம். சுமார் 130 செ.மீ. உயரமுள்ள பையனுக்கு 25 போதும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ராக்கெட்டைப் பிடித்து நிற்கும்போது அதன் நுனி தரையை ஒட்டி வரவேண்டும். தரையில் இடித்து மணிக்கட்டு மடங்கினால் நீளம் அதிகம். அதைவிடப் பெரிய தவறு பெரியவர்கள் ஆடும் வழக்கமான மஞ்சள் பந்து. விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் அது 135 முதல் 147 செ.மீ. எழும்பவேண்டும். உங்கள் பையனின் தலைக்கு மேல்! அதை எட்ட அவன் பிடியைத் திருப்புவான், முழங்கையைத் தூக்குவான், இல்லையென்றால் பின்வேலி வரை ஓடுவான். மூன்று வருடம் இப்படி ஆடினால் அதுவே கையில் உறைந்துவிடும், பிறகு எந்தப் பயிற்சியாளரும் கழற்றப் படாதபாடு படவேண்டும். பிள்ளைகளுக்கென்றே மெதுவான பந்துகள் உண்டு. ஆரஞ்சுப் புள்ளி போட்ட பந்து 105 முதல் 120 வரைதான் எழும்பும், சிவப்புப் பந்து அதிலும் தாழ்வு. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துதான் என்று உலக டென்னிஸ் சம்மேளனமே 2012-இல் விதியாக்கிவிட்டது. உங்கள் ஊர்ப் பயிற்சியாளர் முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

எங்களுக்கு வந்தது ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சாயங்காலம் பெரியவர்கள் தங்கள் ஆசைக்கு ஆடினார்கள், பிள்ளைகள் ஓரத்தில் தங்களுக்குத் தோன்றியபடி ஆடியிருப்பார்கள். உங்கள் பையனுக்குக் கிடைத்திருப்பது அட்டவணை. அந்த ஓரத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுங்கள். சாக்கட்டியால் தரையில் ஒரு சின்ன ஆடுகளம்: பதினோரு மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம், நடுவே 80 செ.மீ. உயரத்தில் ஒரு கயிறு. சிவப்புப் பந்து. அவனுக்கு இரண்டு துள்ளல், உங்களுக்கு ஒன்று. நீங்கள் இடது கையால் ஆடுங்கள். விதியை அவன் நடுவில் மாற்றினாலும் மாற்றட்டும். ஒரு நிபந்தனை உங்களுக்குத்தான்: “முட்டியை மடக்கு” என்று ஒரு தடவைகூடச் சொல்லக்கூடாது. ஆட்டக்காரத் தகப்பன்களுக்கு இது உபவாசத்தைவிடக் கஷ்டம். தாத்தாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

மகள் முகத்தைத் திருப்புவதைப் பற்றி. யாரோ அவளிடம் வேகமான, கெட்டியான பந்தை முதலில் போட்டிருக்கிறார்கள். பலூனிலிருந்து தொடங்குங்கள், அது விழ நேரம் எடுக்கும், கண் அதைத் தொடரும். பிறகு காற்று கொஞ்சம் இறக்கிய, இருபது செ.மீ. அகலப் பந்து, முதலில் தரையில் ஒருமுறை குத்தி எழும்புவதைப் பிடிக்கட்டும். அதற்கப்புறம் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து, கைக்குக் கீழிருந்து, நெஞ்சு உயரத்துக்கு. நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதை விட்டு விரல்களால் பிடிக்கத் தொடங்கிய பிறகே சின்னப் பந்து. எறியும்போது குறி வைக்கச் சொல்லாதீர்கள், ஐந்தாறு மீட்டர் தள்ளி உள்ள சுவரில் பலமாக அடிக்கச் சொல்லுங்கள். குறி பார்க்கும் பிள்ளை உடம்பைத் திருப்பாமல் கையை மட்டும் தள்ளும். வலது கையால் எறிபவள் வலது காலையே முன்வைத்தால், இடது கால் விழவேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள், அது போதும்.

ஆனால் அவள் கம்பியில் தொங்குவதை நிறுத்திவிட்டு இதைச் செய்யவேண்டாம். தொங்குவதும் ஏறுவதும் கைப்பிடிக்கும் தோளுக்கும் வலு. அவள் தேர்ந்தெடுத்த ஆட்டத்தில் பந்து இல்லை, அவ்வளவுதான். கம்பி அவள் எடையைத் தாங்குகிறதா என்று பாருங்கள், கீழே மெத்தை போடுங்கள்.

பெற்றோரின் ஆட்டம் பிள்ளைக்கு வருமா? நம் டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார், மகன் ரமேஷ் 1979-இல் அதே பட்டம். டென்னிஸ் தம்பதி ஸ்டெஃபி கிராஃபும் ஆண்ட்ரே அகாசியும் சேர்ந்து 30 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் மகன் பேஸ்பால் பந்தெறியப் போனார். இரண்டும் நடக்கும்.

மரபணுச் சோதனை வேண்டாம். திறமையைக் கண்டுபிடிக்க அதற்கு இடமே இல்லை என்று 2015-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் நிபுணர் குழு எழுதியிருக்கிறது. அந்தக் காசுக்கு ஒரு டஜன் சிவப்புப் பந்து, ஒரு டஜன் ஆரஞ்சு வாங்குங்கள். பாதி தொலைந்துபோகும், பரவாயில்லை.