பாஸ் கிட்டார் கேள்வி பதில்: பெங்களூர் மேடையில வாசிக்கிறவங்களுக்கு

பத்தொன்பது வருஷமா பெங்களூர்ல பாஸ் வாசிக்கிறேன். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் கணேசா ஆர்கெஸ்ட்ராவுல ஆரம்பிச்சு, சர்ச், கல்யாணம், கார்ப்பரேட் ஷோ, இந்திராநகர் பப்னு எல்லாத்துலயும் நின்னாச்சு. மேடை பத்தி எது வேணா கேளுங்கன்னு சொன்னேன், வந்து குவிஞ்சிடுச்சு. தெரிஞ்சதுக்கு விவரமா சொல்றேன், தெரியாததுக்கு யார்கிட்ட போகணும்னு சொல்றேன்.

கேள்வி (கம்மனஹள்ளி): அண்ணா, இதுவரைக்கும் சர்ச்சுல மட்டும்தான் வாசிச்சிருக்கேன். அடுத்த வாரம் முதல் தடவை ஓப்பன் கிரவுண்ட் ஷோ. பையில என்னென்ன இருக்கணும்?

தம்பி, சர்ச்சுல எல்லாம் செட் பண்ணி வெச்சிருப்பாங்க, நீ போய் ஜாக் சொருகினா போதும். வெளி மேடையில அங்க எதுவுமே இல்லன்னு நினைச்சுக்கிட்டு கிளம்பு. சொந்தமா ஒரு டிஐ பாக்ஸ் (பாஸ் சிக்னல மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற டப்பா), கேபிள் ரெண்டு, ட்யூனர், ஒரு செட் பழைய ஸ்ட்ரிங், உள்ள பேட்டரில ஓடற ஆக்டிவ் பாஸா இருந்தா 9 வோல்ட் பேட்டரி ரெண்டு (ஜாக் சொருகியே விட்டா பேட்டரி கரைஞ்சுட்டே இருக்கும், முடிஞ்சதும் உருவிடு), இன்சுலேஷன் டேப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். உன்னுது பேட்டரி இல்லாத பேசிவ் பாஸ்னா டிஐ ஆக்டிவா இருக்கட்டும், அது மிக்சர்ல இருந்து வர 48 வோல்ட் ஃபேன்டம் கரண்ட்லயே ஓடும். ஆக்டிவ் பாஸ்னா சாதா பேசிவ் டிஐயே தாங்கும்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு மல்டிமீட்டர் வாங்கு. எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்பி ரோட்ல சாதா டிஜிட்டல் மீட்டர் ரொம்ப கம்மி விலைக்கே கிடைக்கும். கிரவுண்ட் ஷோ எல்லாம் ஜெனரேட்டர்தான், எர்த் ராடு அடிச்சானா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. பாஸ் சொருகறதுக்கு முன்னாடி மீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு பாரு: லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 230 சுத்தி இருக்கணும், லைனுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. லைன் எர்த் 90, 110னு எதையாவது காட்டினா எர்த் இல்லன்னு அர்த்தம், எலக்ட்ரீஷியன் வர வரைக்கும் கை வைக்காத. அப்புறம் உன் பாஸ் ஸ்ட்ரிங்குல ஒரு முனை, பாடற மைக் மேல இருக்கற இரும்பு வலையில ஒரு முனை வெச்சு பாரு. அங்க வோல்ட் காட்டினா, கோரஸ் பாட நீ மைக்ல உதடு வைக்கும்போது அது உன் உடம்பு வழியாதான் போகும். ஒரு மண்டபத்துல எனக்கு அப்படி அடிச்சு, கை ஸ்ட்ரிங்க விட்டு வரல, ட்ரம்மர் எக்ஸ்டென்ஷன உதைச்சு பிடுங்கினதால இன்னிக்கு இதை எழுதிட்டு இருக்கேன்.

கேள்வி (ஃப்ரேசர் டவுன்): பாடகர் மேடையில வந்து நின்னு அரை கட்டை இறக்குங்கன்னு சொல்றாரு, கீபோர்டுக்காரர் சுருதிய தானா மாத்தற ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கிட்டு உக்காந்துக்கறாரு, நான் என்ன பண்றது?

நம்ம ஆர்கெஸ்ட்ரால பாஸ் வாசிக்கிறவன் எல்லாருக்கும் இருக்கற கஷ்டம் இது, நல்ல கேள்வி, அதனால முழுசா சொல்றேன். முதல்ல கட்டைக் கணக்கு, அதாவது எந்த சுருதி எந்த நோட்டுங்கறது, விரல்ல இருக்கணும், யோசிக்கக் கூடாது. ஒரு கட்டைன்னா சி, ரெண்டு டி, ரெண்டரை டி ஷார்ப், மூணு ஈ, நாலு எஃப், அஞ்சு ஜி, ஆறு ஏ. பாட்ட நோட் பேர் சொல்லி மனப்பாடம் பண்ணினா இறக்கும்போது மாட்டிக்குவ. சா, பா, மானு ஸ்வரமா இல்லன்னா ஒண்ணு நாலு அஞ்சுனு நம்பரா மனசுல வெச்சுக்கிட்டா சுருதி எங்க போனாலும் கை போயிடும். ஓப்பன் ஸ்ட்ரிங் நம்பி வாசிக்கிற பழக்கத்தையும் விடு, வீட்ல வாரம் ஒரு நாள் ஓப்பனே தொடாம எல்லா பாட்டையும் வாசிச்சுப் பாரு.

இப்ப நிஜமான சிக்கல். பாட்டு மூணு கட்டை, ஈ, உன் கடைசி ஸ்ட்ரிங் ஓப்பன்லயே ரூட் இருக்கு, 41 ஹெர்ட்ஸ், நெஞ்சுல இடிக்கும். அரை கட்டை இறக்கினா டி ஷார்ப், நாலு ஸ்ட்ரிங் பாஸ்ல அந்த நோட்டே கிடையாது! ஒரு ஸ்தாயி மேல தாவணும். ராஜா சார் பாட்டுல பாஸ் ரூட்ட மட்டும் பிடிச்சிட்டு நிக்காது, பாடறவருக்குக் கீழ தனியா ஒரு பாட்டு ஓடிட்டு இருக்கும். அந்த லைன் கீழ இறங்கி உக்கார வேண்டிய இடத்துல மேல தாவினா லைனே உடைஞ்சிடும். ஈ ஸ்ட்ரிங்க மட்டும் டிக்கு இறக்கிக்கலாம், ஆனா அந்த ஸ்ட்ரிங்ல மட்டும் விரல் ரெண்டு ஃப்ரெட் (நெக்ல இருக்கற கட்டம்) தள்ளி வரும். முப்பது பாட்டு, ஆறு பாடகர் இருக்கற ராத்திரியில அது சரிப்படாது. அதனால ஆர்கெஸ்ட்ராவுக்கு நான் சொல்றது அஞ்சு ஸ்ட்ரிங், ஈக்கும் கீழ லோ பின்னு ஒரு ஸ்ட்ரிங் கூட இருக்கும். டி ஷார்ப் லோ பி ஸ்ட்ரிங்ல நாலாவது ஃப்ரெட்ல உக்காந்திருக்கு, சி வேணும்னா முதல் ஃப்ரெட்.

கேள்வி (ஜேபி நகர்): அஞ்சு ஸ்ட்ரிங் எல்லாம் இப்ப வந்த ஃபேஷன் தம்பி. அமெரிக்க பாஸ் மேதை ஜேமர்சன் நாலு ஸ்ட்ரிங்ல, அதுவும் ஒரே விரல்ல வாசிச்சு மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனி பாட்டு பூராவும் தூக்கி நிறுத்தினாரு. இல்லாத அஞ்சாவது ஸ்ட்ரிங்க ஏன் பசங்க தலையில கட்டறீங்க?

அண்ணே, ஜேமர்சன் பேர் சொன்னதுக்கு ஒரு கும்பிடு. ஆள்காட்டி விரல் ஒண்ணு, வழவழன்னு இருக்கற ஃப்ளாட் ஸ்ட்ரிங், 1962 ஃபெண்டர் ப்ரிசிஷன் பாஸ், அதுல அவர் பண்ணினத அஞ்சு ஸ்ட்ரிங் வெச்சிருக்கற நாங்க எல்லாரும் சேர்ந்தாலும் தொட முடியாது, ஒத்துக்கறேன். ஆனா அவரு ஸ்டூடியோல வாசிச்சாரு. சுருதி முன்னாடியே முடிவாயிடும், மேடையில வந்து அரை கட்டை இறக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஃபேஷன்னு சொல்றதும் சரியில்லண்ணே, அமெரிக்க பாஸ்காரர் ஆந்தனி ஜாக்சன் 1975லயே லோ பியோட ஆறு ஸ்ட்ரிங் செய்யச் சொல்லி வாங்கிட்டாரு. அம்பது வருஷம் ஆச்சு.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): 15,000 ரூபாய்க்குள்ள எந்த பாஸ் வாங்கலாம்?

கடைக்குப் போய் நாலு பாஸ கையில பிடிச்சுப் பாருங்க. நெக் வளையாம இருக்கா, எல்லா ஃப்ரெட்லயும் நோட் தெளிவா வருதா, வால்யூம் திருகும்போது கர்ர்னு சத்தம் வராம இருக்கா. இந்த மூணும் சரியா இருந்தா பிராண்டு எதுவானாலும் சரி. மிச்சக் காச செட்டப் பண்ணக் குடுங்க.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): பிராக்டிஸ் ரூம்ல ஆம்ப் ஹெட் ஒண்ணு, நாலு ஓம் ஸ்பீக்கர் கேபினெட் ரெண்டு இருக்கு. ரெண்டையும் போட்டா சத்தம் ஜாஸ்தி வருமா?

போடாதீங்க ப்ரோ. நாலு ஓம் ரெண்டு சேர்ந்தா ரெண்டு ஓம். ஹெட்டுக்குப் பின்னாடி குறைஞ்சபட்சம் நாலு ஓம்னு எழுதியிருந்தா அது சூடாகி நின்னுடும், இல்ல எரியும். எட்டு ஓம் கேபினெட் ரெண்டுன்னா நாலு ஓம் ஆகும், அது சரி. ஹெட்டுல இருந்து கேபினெட்டுக்கு கிட்டார் கேபிள் போடாதீங்க, அதுக்குன்னு ஸ்பீக்கர் கேபிள் தனி. வாட் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், வாட்ட ரெண்டு மடங்கு பண்ணினா ஏறறது வெறும் 3 டெசிபல், காதுக்கு கொஞ்சம்தான் தெரியும். மிட் நாப (நடு சத்தம்) கொஞ்சம் ஏத்திப் பாருங்க, பேஸ் நாப திருகிட்டே போறதவிட பாஸ் நல்லா கேக்கும்.

கேள்வி (ஜேபி நகர், மறுபடியும்): மண்டபத்துல இருக்கற டப்பா ஸ்பீக்கர்ல 31 ஹெர்ட்ஸ் லோ பி வருமா? வராத நோட்டுக்கு எதுக்கு ஒரு ஸ்ட்ரிங்?

இது சரியான அடி அண்ணே, இதுக்கு நேர்மையா பதில் சொல்லணும். சப்வூஃபர் இல்லாத ஸ்பீக்கர்ல 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா எதுவும் வராது, உண்மை. ஆனா அப்படிப் பாத்தா உங்க நாலு ஸ்ட்ரிங்ல இருக்கற ஈயும் 41தான், அதுவும் அந்த ஸ்பீக்கர்ல வராது. நாம கேக்கறது அதோட ரெண்டாவது மூணாவது ஹார்மோனிக், அதாவது ரெண்டு மடங்கும் மூணு மடங்கும், 82, 123. அத வெச்சு காதே கீழ இருக்கற நோட்ட நிரப்பிக்குது. டி ஷார்ப்புக்கும் அதே கதைதான், 39, 78, 117. காதுக்கு லைன் கீழ இறங்கினது தெரியும். நீங்க சொல்றதுல எடுத்துக்க வேண்டியது என்னன்னா, அந்த மாதிரி மண்டபத்துல லோ பி ஓப்பன் அடிச்சு காட்டக்கூடாது, 35 ஹெர்ட்ஸ் பக்கம், அதுக்குக் கீழ இருக்கறத வெட்டற ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போட்டுடணும், இல்லன்னா ஸ்பீக்கர் கோன் சும்மா துடிச்சிட்டு இருக்கும். அஞ்சு ஸ்ட்ரிங் பசங்க நிறைய பேர் இத செய்யறதில்ல, அதுல உங்க கோபம் நியாயம்.

கேள்வி (ஹெப்பால்): ஆம்ப்ல ஹம் வருது. ப்ளக்ல எர்த் பின்ன உடைச்சா போயிடும்னு சவுண்டுக்காரர் சொல்றாரு.

உடைக்காதீங்க. தயவு செஞ்சு உடைக்காதீங்க. ஹம் போகும், கூடவே உங்களக் காப்பாத்தற ஒரே கம்பியும் போகும். டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு, அது சவுண்ட் கேபிளோட ஷீல்ட மட்டும்தான் பிரிக்கும், கரண்ட் எர்த்த தொடாது. அதப் போடுங்க. அப்படியும் போகலன்னா ஆம்புக்கும் மிக்சருக்கும் ஒரே லைன்ல இருந்து கரண்ட் எடுங்க. பாஸ்லயே ஹம்ம சுலபமா பிடிக்கற சிங்கிள் காயில் பிக்கப்புனா லைட் டிம்மர்ல இருந்து கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. எர்த் பின் உடைக்கச் சொல்ற ஆள் எத்தனை வருஷ அனுபவஸ்தனா இருந்தாலும் அவர் பேச்சக் கேக்காதீங்க.

கேள்வி (சிவாஜிநகர்): லீட் கிட்டாருக்கு எந்த டிஸ்டார்ஷன் பெடல் நல்லது?

கிட்டார் வாசிக்கிறவர்கிட்ட கேளுங்க.

கேள்வி (பானஸ்வாடி): 20,000க்குள்ள பாஸ்?

ஒயிட்ஃபீல்டுக்கு சொன்னதேதான்.

கேள்வி (ஆஸ்டின் டவுன்): என் பொண்ணுக்கு 12 வயசு, பாஸ் கத்துக்கணும்னு ஆசைப்படறா. கை சின்னது. கிட்டார்ல ஆரம்பிக்கலாமான்னு எல்லாரும் சொல்றாங்க.

அக்கா, பாஸ் கேக்கறவளுக்கு பாஸ்தான் குடுக்கணும். சாதா பாஸ் 34 இன்ச் ஸ்கேல், அவளுக்கு ஷார்ட் ஸ்கேல்னு 30 இன்ச்ல வருது, அத வாங்குங்க. எடையும் குறைவு. முதல் ஃப்ரெட்ல விரல நீட்டி இழுக்க விடாதீங்க, முதல் ஆறு மாசம் அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேலயே வாசிக்கட்டும், அங்க இடைவெளி சின்னது. மணிக்கட்டு வலிக்குதுன்னு சொன்னா அன்னிக்கு நிறுத்திடணும், பொறுத்துக்கோன்னு சொல்லக்கூடாது. மோகினி டே வாசிக்கிற வீடியோவ அவளுக்கு போட்டுக் காட்டுங்க, நம்ம நாட்டுப் பொண்ணு ஒருத்தி எந்த உயரத்துல நிக்கறான்னு பாக்கட்டும்.

கேள்வி (கோரமங்களா): பப்ல வாசிச்சிட்டு வந்தா மறுநாள் வரைக்கும் காதுல ஙொய்ங்னு ஒரு சத்தம். பழகிடுமா?

பழகாது. அது காது குடுக்கற எச்சரிக்கை. 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்கலாம்னு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94ல ஒரு மணி நேரம், 100ல 15 நிமிஷம்தான். சிம்பல் பக்கத்துல நின்னா 100 சுலபமா தாண்டும், நாம வாசிக்கிறது மூணு செட்டு. பஞ்சு வெச்சா உபயோகமில்ல. மியூசிஷியன் இயர் ப்ளக்னு 15, 20 டெசிபல் சமமா குறைக்கறது இருக்கு, அது வாங்கு. முதல் ரெண்டு ஷோ எரிச்சலா இருக்கும், மூணாவதுல ட்ரம்மரோட கிக் தெளிவா கேக்க ஆரம்பிக்கும். ரெண்டு நாள் தாண்டியும் சத்தம் நிக்கலன்னா காது டாக்டர்கிட்ட போ, இந்த வாரமே போ.

கேள்வி (அல்சூர்): கணேசா சீசன்ல பணம் பாதிதான் வருது. பத்து மணிக்கு போலீஸ் நிறுத்திட்டாங்க, அதனால குறைச்சுக்கோங்கன்னு கமிட்டில சொல்றாங்க.

2000ல வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதிப்படி ராத்திரி 10 மணியில இருந்து காலைல 6 வரைக்கும் வெளியில ஸ்பீக்கர் கூடாது. திருவிழாவுக்குன்னு வருஷத்துக்கு 15 நாள் வரைக்கும் அரசாங்கம் 12 மணி வரை தளர்த்தலாம், அதுக்கு மேல இல்ல. இது கமிட்டிக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம், உங்க தப்பு ஒண்ணும் கிடையாது. அட்வான்ஸ் பாதி வாங்காம தேதி குடுக்காதீங்க. மீதி, கடைசி பாட்டுக்கு முன்னாடி. பேசினத வாட்ஸப்ல எழுதி அனுப்பி சரின்னு பதில் வாங்கிடுங்க: எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணி நேரம், சீக்கிரம் நின்னாலும் முழுப் பணம், ராத்திரி வண்டிச் செலவு யாருது. எனக்கும் ஒரு இடத்துல மூணு ஷோ பணம் இன்னும் வரல, அங்க எதுவும் எழுதி வாங்கல.

கேள்வி (மாரத்தஹள்ளி): பாஸ் வாங்கணும், பட்ஜெட் 18,000...

மேல ரெண்டு தடவை சொல்லியாச்சு தம்பி, படிச்சுட்டு கேளுப்பா.

கேள்வி (பிடிஎம்): பைக்ல எடுத்துட்டுப் போகலாமா? சில்க் போர்டு தாண்டணும்.

போகலாம். தலைக்கு மேல ஹெட்ஸ்டாக் நீட்டிட்டு இருக்கும், மரக்கிளையும் பார்க்கிங் நுழைவும் பாத்துக்கோங்க. மழை மாசத்துல பாஸ் வெச்சிருக்கற பை மேல ரெயின் கவர் கட்டாயம், நனைஞ்ச பைய வீட்ல மூடியே வைக்காதீங்க. முடிஞ்சா மெட்ரோ.

கேள்வி (ஜேபி நகர்): ஹார்மோனிக் கணக்கெல்லாம் சரி. நான் டி ஷார்ப்ப மேல ஸ்தாயில வாசிச்சாலும் ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு பந்தயம்.

பந்தயம் வேண்டாம்ணே, வாசிச்சே பாத்துடலாம். இந்த ஞாயித்துக்கிழமை எங்க பிராக்டிஸ் ரூமுக்கு வாங்க, காலைல 11 மணி. உங்க நாலு ஸ்ட்ரிங், என் அஞ்சு ஸ்ட்ரிங், ஒரே ஹெட், ஒரே கேபினெட். பாடகர் பையன் ஒருத்தன் வரான், ரெண்டரை கட்டையில நீங்க சொல்ற எந்த ராஜா சார் பாட்டு வேணும்னாலும் பாடுவான். வெளியில டீக்கடையில இருக்கறவங்கள கூப்பிட்டு முதுகக் காட்டி உக்கார வெச்சுடுவோம், அவங்க சொல்லட்டும். ஃப்ளாட் ஸ்ட்ரிங் போட்ட ப்ரிசிஷன் இருந்தா அதையே எடுத்துட்டு வாங்க, எனக்கும் அதுல கொஞ்ச நேரம் வாசிக்கணும்.