மாமா சொல்ற எல்.எல்.எம்.மும் புள்ள கேட்ட லெக்சரும்

அண்ணாச்சி, சனிக்கிழமை நீங்களும் மதினியும் வந்து உக்காந்தப்ப முதல் பத்து நிமிஷம் நான் சமாதானம்தான் சொல்லிட்டிருந்தேன், புள்ள நல்லா வருவா பயப்படாதீங்கன்னு. அப்புறம் மதினி பையில இருந்து வீட்டுப் பத்திரத்தோட ஜெராக்ஸ எடுத்து மேசையில வெச்சு, புள்ளைய அமெரிக்காவுக்கு சட்டம் படிக்க அனுப்ப பேங்க்ல கேட்டாச்சு லோன் கிடைக்கும்னு சொன்னாங்க பாருங்க, அதோட என் சமாதானம் முடிஞ்சிருச்சு. அன்னைக்கு கொஞ்சம் சத்தமா பேசிட்டேன், அதையே இப்ப பொறுமையா எழுதுறேன், புள்ளைய சட்டம் படிக்க வெச்சிருக்கிற மத்த வீட்டுக்காரங்களும் படிக்கட்டும்.

நியூஜெர்சி மாமா சொல்றது, அமெரிக்காவுல ஒரு வருஷ எல்.எல்.எம்., அதாவது சட்டத்துல மேல்படிப்பு, போட்டாத்தான் பேரு. சரி, கணக்கப் பாப்போம். பெரிய பேர் உள்ள யுனிவர்சிட்டின்னா டியூஷன் மட்டுமே 70, 80 ஆயிரம் டாலர் வருது, நம்ம பணத்துல 60 லட்சம் தாண்டுது, தங்க சாப்பிட இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தா கோடிய தொட்டுரும். அத முடிச்சதும் வக்கீலா நிக்க முடியுமான்னா முடியாது, பார் பரீட்சை தனியா எழுதணும். படிப்பு முடிச்சவங்க அங்க வேலை பார்க்கத் தர்ற ஓ.பி.டி. அனுமதி ஒரு வருஷம்தான், எஞ்சினியரிங் பசங்களுக்குக் கிடைக்கிற எக்ஸ்டென்ஷன் சட்டத்துக்குக் கிடையாது, அதுக்கப்புறம் எச்1பி வேலை விசாவுக்குக் குலுக்கல். மாமாவுக்கு ஐ.டி.யில நடந்தது இவளுக்கும் நடக்கும்னு நினைக்கிறார், பாசத்துலதான் சொல்றார், ஆனா கடன் அடைக்கப் போறது அவர் இல்ல.

இதுல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. நம்ம ஊரு மாதிரி காமன் லா, அதாவது இங்கிலாந்து வழி சட்டம் இருக்கிற நாட்டுல, போதுமான காலம் காலேஜுக்குப் போய்ப் படிச்சவங்க, எல்.எல்.எம். இல்லாமலேயே நியூயார்க் பார் பரீட்சை எழுத வழி இருக்கு, முதல்ல அந்த போர்டுக்கு மார்க் ஷீட்டெல்லாம் அனுப்பி, இந்தப் படிப்பு போதும்னு எவால்யுவேஷன் வாங்கணும், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவுல, இங்க என்ரோல் ஆன வக்கீல்னா நேரா எழுதலாம். இங்கிலாந்துல சொலிசிட்டர்ங்கிற வக்கீலா ஆக எஸ்.க்யூ.இ. பரீட்சை, இங்க முழுசா வக்கீலா இருக்கிறவங்களுக்கு அந்த ரெண்டு வருஷ வேலை அனுபவம்ங்கிற கண்டிஷன்கூட கிடையாது. கதவு திறந்துதான் கிடக்கு, டோல்கேட்டுக்கு மட்டும் ஒரு கோடி கட்டணும்னு எவனோ சொல்லிட்டான்.

இப்ப புள்ள விஷயத்துக்கு வரேன். நீங்க வெளிய டீ குடிக்கப் போனப்ப அவகிட்ட தனியா பேசினேன். நோட்ட காட்டினா. ஒவ்வொரு பக்கமும் நடுவுல கோடு போட்டு, இடது பக்கம் இங்கிலாந்து, வலது பக்கம் அமெரிக்கா, அடியில சிவப்பு மையில நம்ம ஊரு. போன வருஷம் ஹைகோர்ட்டுல பிராக்டிஸ் பண்ற ஒரு வக்கீல் சாயங்காலம் வந்து எடுத்த லெக்சர்ல ஆரம்பிச்சதாம். அவர் நத்தை கேஸ்ல தொடங்கியிருக்கார். 1928ல ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிங்கிற ஊருல ஒரு அம்மா கடையில ஜிஞ்சர் பீர் குடிக்கிறாங்க, பாட்டில்ல இருந்து அழுகின நத்தை வந்துச்சுன்னு கேஸ். பாட்டில வாங்கிக் கொடுத்தது ஃப்ரெண்டு, அதனால இந்த அம்மாவுக்கும் கம்பெனிக்கும் காண்ட்ராக்டே இல்ல. 1932ல லண்டன்ல மூணுக்கு ரெண்டுன்னு தீர்ப்பு, தயாரிச்சவன் குடிக்கிறவங்களுக்குப் பொறுப்புன்னு. இதே விஷயத்த அதுக்கு 16 வருஷம் முன்னாடியே நியூயார்க்ல ஒரு கார் சக்கரம் உடைஞ்ச கேஸ்ல ஜட்ஜ் கார்டோசோ சொல்லிட்டார், லண்டன் ஜட்ஜ் அட்கின் தீர்ப்புல அதையும் எடுத்துப் பேசியிருக்கார். இதெல்லாம் புக்குல இருக்கு. ஆனா அந்த வக்கீல் கேட்டாராம், பாட்டில்ல நெசமாவே நத்தை இருந்துச்சான்னு எந்தக் கோர்ட்டும் விசாரிச்சுதான்னு. விசாரிக்கவே இல்ல, சட்டப் பாயிண்ட் முடிஞ்சதும் கேஸ் சமரசத்துல போயிருச்சு. அப்புறம் செலவுக்கு வந்தாராம், இங்கிலாந்துல பொதுவா தோத்தவன் ஜெயிச்சவன் வக்கீல் செலவையும் கொடுக்கணும், அமெரிக்காவுல அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்கு, ஜெயிச்சா இத்தன பங்குன்னு வக்கீல் பேசிக்கலாம், அதனால ஏழை எந்த ஊருல கேஸ் போட பயப்படுவான்னு. நம்ம சி.பி.சி., அதாவது சிவில் கேஸ் நடைமுறைச் சட்டம், 35வது பிரிவும் தோத்தவன் கொடுக்கணும்னுதான் சொல்லுது, நம்ம கோர்ட்டுல எவ்வளவு போடுறாங்கன்னு கிளாஸையே கேட்டிருக்கார். கோர்ட்டுக்குப் போய் வர்ற ஆளாலதான் இப்படி நடத்த முடியும்னு இவ சொன்னா. அப்ப அவ முகத்த நீங்க பார்த்திருக்கணும் அண்ணாச்சி.

அவளுக்குப் புடிச்சது அமெரிக்கா இல்ல, அந்த லெக்சர். அந்த மாதிரி ஆளா ஆகுறதுக்கு இங்கயே வழி இருக்கு, அது அவ காலேஜ்லயே பல பேருக்குத் தெரியல. வக்கீல்னா சம்பள வேலை முழு நேரமா பார்க்கக் கூடாது, அது ரூல். ஆனா 1979லயே தனியா ஒரு விதி இருக்கு, பிராக்டிஸ் பண்ற வக்கீல் ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மிகாம லா காலேஜ்ல பாடம் நடத்தலாம், அத பார்ட் டைமாத்தான் எடுத்துக்குவாங்க, என்ரோல்மென்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. காலையில கோர்ட்டு, சாயங்காலம் கிளாஸ். பாடத்துக்கும் பஞ்சமில்ல, நம்ம அரசியல் சட்டமே பார்லிமென்ட்ட இங்கிலாந்துல இருந்தும் அடிப்படை உரிமைய அமெரிக்காவுல இருந்தும் எடுத்துக் கட்டினது. 1947ல அரசியல் சட்டம் எழுதுறதுக்கு ஆலோசகரா இருந்த பி.என்.ராவ் அமெரிக்கா போய் ஜட்ஜ் ஃப்ராங்க்ஃபர்ட்டரப் பார்த்துட்டு வந்தப்புறம்தான் டியூ ப்ராசஸ், அதாவது நியாயமான நடைமுறைங்கிற வார்த்தைய நம்ம வரைவுல இருந்து நீக்கினாங்க, 1978ல மேனகா காந்தி கேஸ்ல அதோட உசுரு திரும்ப வந்துச்சு. ரெண்டு ஊரு சட்டமும் தெரியாம, உசுருக்கும் சுதந்திரத்துக்கும் காவலா இருக்கிற ஆர்ட்டிகிள் 21ஐ எப்படி நடத்துறது?

செலவும் சொல்லிடுறேன். என்ரோல்மென்ட் ஃபீஸ் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2024ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, ஸ்டாம்ப் ட்யூட்டி தனி. அப்புறம் இங்க வக்கீலா பிராக்டிஸ் பண்ண எழுத வேண்டிய ஏ.ஐ.பி.இ. பரீட்சை. ஜூனியரா முதல் ரெண்டு மூணு வருஷம் கஷ்டம், அத மறைக்க மாட்டேன். டவுன்ல மாசம் 20,000 கொடுக்கணும்னு பார் கவுன்சில் சிபாரிசு பண்ணியிருக்கு, ஆனா எல்லா சீனியரும் கொடுக்கிறதில்ல. அந்த லோனுக்குக் கட்டப் போற மாசத் தவணையில சின்னப் பங்க அவ ரூம் வாடகைக்கு கொடுங்க, மதுரை பெஞ்சுல நின்னுருவா. ரெண்டு வருஷம் ஆனதும் பிரிட்டிஷ் அரசாங்கத்தோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாம், 2,800 மணி நேர வேலை அனுபவம் கேக்குறாங்க, கிடைச்சா இங்கிலாந்துல ஒரு வருஷ எல்.எல்.எம். மொத்தச் செலவும் அவங்களோடது, முடிச்சுட்டு ரெண்டு வருஷம் ஊருல இருக்கணும்ங்கிறது கண்டிஷன். போட்டி கடுமை, கிடைக்கலைன்னா இங்கயே எல்.எல்.எம். போட்டு, லெக்சரர் ஆகுறதுக்கான தகுதிப் பரீட்சை நெட் எழுதலாம். ஒண்ணு மட்டும், நெட் முடிச்சு நிரந்தர லெக்சரர் ஆயிட்டா பிராக்டிஸ சஸ்பெண்ட் பண்ணணும், அந்த முடிவ இப்ப எடுக்க வேண்டாம், அவளே எடுப்பா.

கல்யாணம் ஆகிறதுக்குள்ள ஃபாரின் டிகிரி இருந்தா நல்லதுன்னு மதினி சொன்னதுக்கு மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. வர்ற சனிக்கிழமை அவள தனியா அனுப்புங்க, அந்த நோட்டோட. நியூயார்க் எவால்யுவேஷனுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு உக்காந்து பாத்துருவோம், மாமாவுக்கும் ஒரு பதில் ஆச்சு. பேங்க்ல மட்டும் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுறாதீங்க.