முன்பக்கம் தாழ்ந்த பிக்கப்புக்கு லெவலிங் கிட்: எவ்வளவு உயர்த்தலாம், எதில் கவனம் வேண்டும்

கேள்வி: நான் டெக்சாஸில் வசிக்கிறேன். 2018ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150, நான்கு சக்கர இயக்கம் கொண்டது, வைத்திருக்கிறேன். வண்டியின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தாழ்ந்து, மூக்கைக் குத்திக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. அதை மட்டமாக்க, இரண்டு அங்குலம் உயர்த்தும் ஸ்பேசர் (இடைக்கட்டை) கொண்ட லெவலிங் கிட் ஒன்றை வாங்கினேன். பெட்டியைத் திறந்து அளந்தால் ஸ்பேசரின் தடிமன் ஏறக்குறைய ஒரு அங்குலம்தான் இருக்கிறது. தவறான பொருளை அனுப்பிவிட்டார்களா? நண்பர் ஒருவரின் துணையுடன் வீட்டிலேயே பொருத்த முடியுமா? விடுமுறை நாட்களில் 4,000 பவுண்டு எடையுள்ள படகை டிரெய்லரில் இழுத்துச் செல்வேன்.

பதில்: உங்களுக்கு வந்திருப்பது சரியான பொருள்தான். எஃப்-150இன் முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல், சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கீழ் ஆர்மின் நடுப்பகுதியை ஒட்டி உட்புறமாக அமர்ந்திருக்கிறது. அதனால் ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு அங்குலம் கூட்டினால் ஆர்மின் நுனியில் இருக்கும் சக்கரம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் கீழிறங்குகிறது. வண்டியின் முன்பக்கம் அந்த அளவுக்கு மேலெழும்புகிறது. இந்தக் கணக்கு தெரியாமல், "இரண்டு அங்குலம் வேண்டும்" என்று இரண்டு அங்குலத் தடிமனுள்ள கட்டையைக் கடைந்து பொருத்திவிட்டு, மேல் பால் ஜாயின்ட் (மேல் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு) கோணம் தாங்காமல் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முன்பக்கத் தாழ்வைக் குறையாக நினைக்க வேண்டாம். பின்பெட்டியில் சரக்கு ஏற்றும்போதும் டிரெய்லர் மாட்டும்போதும் பின்பக்கம் அமுங்கி வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே தொழிற்சாலையில் அந்தச் சரிவை விட்டிருக்கிறார்கள். உங்கள் படகு டிரெய்லர் தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இணைப்புக் குண்டின்மீது வைக்கிறது என்று கொண்டால் 400 பவுண்டு ஆகிறது. அந்த எடை பின் அச்சுக்கும் பின்னால், நெம்புகோலைப் போல அழுத்துவதால், பின்பக்கம் தாழ்வதோடு முன் அச்சின்மீதுள்ள பாரமும் குறைகிறது. வெறும் வண்டியை முழு மட்டமாக்கிவிட்டால், படகை மாட்டிய நாளில் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும்; ஸ்டீயரிங் இலேசாகும், எதிரே வருபவரின் கண்ணில் விளக்கு அடிக்கும்.

எனவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அளவு எடுங்கள். மட்டமான தரையில் வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். அதன்பின் டிரெய்லரை மாட்டி மீண்டும் அளங்கள். படகுடன் பின்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்குகிறது என்றால், உங்களுக்கு இரண்டு அங்குல கிட் அதிகம். ஒரு அங்குலமோ ஒன்றரை அங்குலமோ உயர்த்துவதை மாற்றி வாங்குவதே என் ஆலோசனை. தோற்றத்துக்காக அரை அங்குலச் சரிவை மீதம் வைப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

நீங்கள் வாங்கியிருப்பது ஸ்ட்ரட்டின் தலைமீது அமரும் வகை. இது ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை. ஆகவே வண்டியின் மென்மை பெரிதாக மாறாது. ஆனால் சக்கரம் முன்பைவிடக் கூடுதலாகக் கீழே தொங்கும். மேலே எழும்பும் இடைவெளியில் பெரிய மாற்றம் இருக்காது. ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் இருக்கைக்கும் நடுவில் செருகும் மற்றொரு வகை உண்டு. அதற்கு ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்ற வேண்டியிருப்பதால், அந்த வகையை வீட்டில் செய்யச் சொல்லி நான் எவரையும் ஊக்குவிப்பதில்லை.

இதே காரணத்தால், வேலையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரட்டின் தலையில் சுற்றிலும் மூன்று நட்டுகள் இருக்கும். நடுவில் ஒன்று தனியாக இருக்கும். சுற்றியுள்ள மூன்றை மட்டுமே கழற்ற வேண்டும். நடுவிலிருப்பதுதான் அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. என்னிடம் வந்த ஒரு வண்டியில் அந்த நடு நட்டு நான்கு மரை அளவுக்கு மேலேறி நின்றது. உரிமையாளர் "ஏதோ கிறீச்சென்று கேட்டது, அதோடு நிறுத்திவிட்டேன்" என்றார். இன்னும் சில சுற்று சுற்றியிருந்தால் ஸ்பிரிங்கின் முழு விசையும் அவர் முகத்துக்கு நேராகப் பாய்ந்திருக்கும்.

இரு முன்சக்கரங்களையும் ஒன்றாகத் தூக்கி, ஜாக்கை மட்டும் நம்பாமல் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்வே பார் (இரு பக்க ஆர்ம்களையும் இணைக்கும் தண்டு) முறுக்கேறி ஆர்மை இறங்க விடாது. ஆகவே அதன் இணைப்புகளை இரு பக்கமும் விடுவிக்க வேண்டும். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் அவற்றின் பிடிகளிலிருந்து எடுத்துவிடுங்கள். மேல் பால் ஜாயின்ட்டின் நட்டை முழுவதும் எடுக்காமல் இரண்டு மூன்று மரை மிச்சம் வைத்து, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகத்தின்) பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால், டொக்கென்று மூட்டின் கூம்புத் தண்டு விடுபடும். அந்த மிச்ச மரைதான் நக்கிள் சடாரென்று சரிந்து உங்கள் கைமீது விழாமல் காக்கிறது.

நான்கு சக்கர இயக்க வண்டியில் இங்கேதான் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. நக்கிளை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் அச்சுத் தண்டும் கூடவே இழுபட்டு, உள்பக்க மூட்டு கழன்றுகொள்ளலாம். அதனால் ஹப்பின் (சக்கரம் மாட்டும் மையப் பகுதியின்) நடுவிலுள்ள மூடியை எடுத்து, தண்டின் முனையிலிருக்கும் சிறிய நட்டை முதலிலேயே கழற்றிவிட்டு, நக்கிள் சாயும்போது தண்டை உள்நோக்கித் தள்ளிப் பிடிக்க நண்பரைச் சொல்லுங்கள். மீண்டும் கோக்கும்போது ஸ்பிளைன்கள் (தண்டின் முனையிலுள்ள பல்வரிகள்) முழுமையாக அமர்ந்தனவா என்று கையால் சுற்றிப் பாருங்கள். அரைகுறையாக அமர்ந்தால் ஓட்டும்போது அரைபடும் சத்தம் கேட்கும்.

ஸ்பேசர் பொருத்திய ஸ்ட்ரட் நீளமாக இருப்பதால் எளிதில் உள்ளே போகாது. கீழ் ஆர்மைக் கடப்பாரையால் அழுத்த ஒருவரும் ஸ்ட்ரட்டை நேர்ப்படுத்த ஒருவரும் வேண்டும். ஸ்ட்ரட்டின் தலையிலுள்ள பழைய ஸ்டட்களின் (மரையுள்ள தண்டுகளின்) முனை ஸ்பேசரின் மேல்பரப்பைத் தாண்டி நீண்டிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். நீண்டிருந்தால் ஸ்பேசர் மட்டமாக உட்காராது, சில நாட்களில் மேடு பள்ளங்களில் டக் டக்கென்று அடிக்கும். எல்லா நட்டுகளையும் உங்கள் ஆண்டு வண்டிக்குரிய பழுதுநூலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானரால்) முறுக்குங்கள். ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டும் என்று அதில் குறித்துள்ள நட்டுகளுக்குப் புதியன வாங்கிவிடுங்கள். ஆர்ம்களின் புஷ்ஷில் (ரப்பர் உறையில்) செல்லும் போல்ட்டைத் தளர்த்த நேர்ந்தால், வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் அந்த ரப்பர் ஓடும் நேரமெல்லாம் முறுக்கேறியே இருந்து கிழிந்துபோகும்.

பொருத்தியதும் கேம்பர், காஸ்டர், டோ ஆகிய மூன்று சக்கரக் கோணங்களும் மாறியிருக்கும். அவற்றைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் ஓரம் விரைவில் மொட்டையாகிவிடும்.

விளக்கையும் மறந்துவிடாதீர்கள். வேலைக்கு முந்தைய இரவு, சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பு விழும் இடத்தில் டேப் ஒட்டி வையுங்கள். 145 அங்குல அச்சு இடைவெளியுள்ள வண்டியின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கினால், விளக்கு உயர்வதால் இரண்டு அங்குலமும், வண்டி சாய்வதால் நான்கு அங்குலமுமாக, அந்தச் சுவரில் ஒளி சுமார் ஆறு அங்குலம் மேலேறிவிடும். அந்த நான்கு அங்குலத்தை விளக்கிலுள்ள திருகாணியால் இறக்கிவிட வேண்டும்.

உத்தரவாதம் குறித்த அச்சம் பலருக்கு உண்டு. வெளிச்சந்தை உதிரிபாகம் பொருத்தியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முழு உத்தரவாதத்தையும் மறுக்க, அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மாக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆனால் அந்த ஸ்பேசரால்தான் பால் ஜாயின்ட் தேய்ந்தது என்று வண்டி நிறுவனத்தால் காட்ட முடிந்தால், அந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்ய மறுக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். முதல்முறை என்றால் ஒரு முழு நாள் பிடிக்கும். திங்கட்கிழமை காலைக்கு அலைன்மென்ட் கடையில் நேரம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை தொடங்குங்கள். கடைக்குப் போகும் வரை நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். சில நூறு மைல் ஓடியபின் எல்லா நட்டுகளிலும் ஒருமுறை டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு படகை மாட்டலாம்.