சாய்ந்த லிங்கமும் ஒரு தூணும்: பீடோங்கில் கேட்ட கேள்விகள்

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சுண்டல் கைக்கு வந்தபிறகு மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் ஊர்க் கோயில் மண்டபத்தில் எங்கள் கேள்வி பதில் நடக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய பெரியவர்களும் படிவம் நான்கு படிக்கும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருவார்கள். கல்வெட்டுப் பைத்தியம் எனக்குத்தான் என்பதால் பதில் சொல்லும் வேலையும் என் தலையில். இந்த வாரம் எல்லாரும் ராஜராஜ சோழனைப் பிடித்துக்கொண்டார்கள்.

லோரி ஓட்டும் தம்பி: அங்கிள், கும்பகோணம் பக்கம் உடையாளூரில் ஒரு லிங்கம் சாய்ந்து கிடக்கிறது, அதுதான் ராஜராஜன் சமாதி என்று வாட்ஸாப்பில் வருகிறதே, உண்மையா?

லிங்கம் உண்மை. சமாதி என்பது ஊகம். ஆனால் வெறும் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த ஊர்ப் பால்குளத்தம்மன் கோயிலில் ஒரு தூண் இருக்கிறது. சோழ மன்னர் முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1112 வாக்கில், அதில் எழுதியிருக்கிறார்கள். ராஜராஜ தேவரான சிவபாதசேகர தேவரின் திருமாளிகைக்கு முன்னால் இருந்த பெரிய மண்டபம் பழுதாகி, அதைப் புதுப்பித்த செய்தி. சிவபாதசேகரன் என்பது ராஜராஜனின் பட்டப்பெயர். சோழர் அரண்மனை இருந்த பழையாறையும் பக்கத்திலேயே. இத்தனையும் கூடி வந்தால் யாருக்குத்தான் மனம் துள்ளாது? முதல்முறை படித்தபோது எனக்கும் துள்ளியது.

சிக்கல் 'திருமாளிகை' என்ற சொல்லில் இருக்கிறது. அதை அரண்மனை என்றும் படிக்கலாம், மன்னர் பேரால் எழுந்த கோயில் என்றும் படிக்கலாம். அடக்கம் செய்த இடம் என்று அந்தத் தூண் சொல்லவில்லை. பள்ளிப்படை என்ற சொல்லே அதில் கிடையாது. மன்னர் இறந்தது 1014இல். தூண் பேசுவது கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பள்ளிப்படை என்றால் சரியாக என்ன, சார்?

இறந்தவரை அடக்கம் செய்த இடத்தில், அல்லது அவர் நினைவாக, லிங்கம் வைத்துக் கட்டும் கோயில், டீச்சர். சோழர்கள் இதை மறைத்ததே இல்லை. ராஜராஜனே தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு வேலூர்ப் பக்கம் மேல்பாடியில் ஒன்று கட்டினார். 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்க்குப் பள்ளிப்படையாக' என்று கல்லிலேயே பொறித்திருக்கிறது. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீசுவரம் பக்கத்தில் எழுப்பினார். அங்கேயும் அதே சொல். தாத்தாவுக்கும் சிற்றன்னைக்கும் இவ்வளவு தெளிவாக எழுதிய குடும்பம் ராஜராஜனுக்கு மட்டும் ஏன் பூடகமாக எழுதவேண்டும்? உடையாளூர் என் மனதில் இடறுவது இந்த இடத்தில்தான்.

படிவம் நான்கு மாணவி: இறந்தார் என்று எழுதாமல் ஏன் 'துஞ்சின' என்று எழுதினார்கள்?

துஞ்சுதல் என்றால் தூங்குதல், அம்மா. அரசர் சாகமாட்டார், துஞ்சுவார். இறந்த ஊரைச் சேர்த்து அதையே பெயராகவும் ஆக்கிவிடுவார்கள். சங்க காலத்திலேயே குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் உண்டு. ராஜராஜனின் அப்பா சுந்தர சோழருக்குப் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று பெயர்.

உனக்கு இது புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. பள்ளியில் மலாய் படிக்கிறாயே, சுல்தான் இறந்தால் 'மாத்தி' என்று எழுதுவாயா? 'மங்காட்' என்றுதானே எழுதவேண்டும்? மலாக்காவின் கடைசி சுல்தான் மாமுட் ஷா 1528இல் சுமத்திராவின் கம்பாரில் இறந்தார். அதனால் அவர் 'மர்ஹும் கம்பார்', கம்பாரில் மறைந்தவர். நம் கல்வெட்டுக்காரர் எழுதியிருந்தால் 'கம்பார்த் துஞ்சின தேவர்' என்றிருப்பார். இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார், எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

லோரி தம்பி மறுபடியும்: அப்போ தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

2019இல் மதுரையில் உயர்நீதிமன்றம் ஆய்வு செய்யச் சொன்னது. தொல்லியல் துறை கருவி வைத்து நிலத்தடியைப் பார்த்து, சமாதிக்கான சான்று இல்லை என்றது. காணொளி போடுகிறவர்கள் இந்தப் பாதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கடைக்காரர்: ராஜேந்திரன் நம் கடாரத்திலேயே இறந்துவிட்டார், மெர்போக் மலையடியில் இருப்பது அவர் சமாதி என்று என் அப்பா சொல்வாரே?

அண்ணே, உங்கள் அப்பா மட்டுமில்லை, பாதி பீடோங் சொல்லும். கடாரம், அதாவது நம் கெடா மீது சோழர் படையெடுத்தது 1025. ராஜேந்திரன் இறந்தது 1044, தமிழ்நாட்டில். செய்யாறு பக்கம் பிரமதேசத்துக் கல்வெட்டு, அவர் தேவி வீரமாதேவி அவரோடு உயிர் நீத்ததையும், அவளுடைய தாகம் தீர உடன்பிறந்தவர் தண்ணீர்ப் பந்தலுக்கு ஏற்பாடு செய்ததையும் சொல்கிறது. இன்னொன்று, மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசர் புகழ் பாடும் பகுதி, 'அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்தி' என்கிறது. கலத்தைச் செலுத்தினார் என்றுதான் இருக்கிறது. தானே ஏறி வந்தார் என்று அந்த வரியில் இல்லை.

மெர்போக்கில் நீங்கள் பார்ப்பது புக்கிட் பத்து பஹாட் சண்டி (மலாயில் சண்டி என்றால் பழங்கோயில்), 1960இல் திருத்தி நிறுத்திய கோயில் அடித்தளம். அங்கே கிடைத்த கல் பேழைகளைப் பார்த்துத்தான் அஸ்தி என்று கதை கிளம்பியிருக்க வேண்டும். அவை கோயில் கட்டும்போது அடியில் வைக்கும் பேழைகள். நம் கோயிலுக்குக் கால்கோள் போட்டபோது நவரத்தினமும் செம்பும் உள்ளே வைத்தோமே, அந்த மாதிரி.

பாட்டி (பக்கத்துத் தோட்டம்): ராசாவுக்கே இடம் தெரியலையா தம்பி? எங்க மாமியாரைப் புதைத்த தோட்டத்துச் சுடுகாட்டில் இப்போ வீடு வரிசையா நிற்குது.

இதற்கு என்னிடம் கல்வெட்டு இல்லை, பாட்டி. இடம் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். பழைய ஸ்டோரிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கி, மூன்றாவது நிரை முடியும் இடத்தில் ஒரு நாவல் மரம், அதற்குக் கிழக்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அந்த மாணவி கைப்பேசியை எடுத்து, எந்த வருடம் பாட்டி, அவங்க பேர் என்ன என்று கேட்டு எழுத ஆரம்பித்தாள். சுண்டல் தீர்ந்துபோனது, எழுதி முடியவில்லை.