எதிர் நாற்காலியில் முதலில் நீங்கள் உட்காருங்கள்

கேள்வி: எனக்கு 37 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டுச் சென்னைக்குப் போய், பதினோரு வருடம் சீரியலில் நடித்தேன். பெரும்பாலும் வில்லி, இல்லையென்றால் கொடுமைக்கார அண்ணி. இரண்டு வருடமாகக் கூப்பிட ஆள் இல்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கே வந்துவிட்டேன். என்னைப் பார்க்க வருகிற பெண்கள் பேச்சோடு பேச்சாகத் தங்கள் வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டுகிறார்கள். எதிர்வீட்டு அக்காவின் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் மூன்று மாதமாகப் பேசுவதே இல்லையாம். "செத்துடலாம் போல இருக்கு" என்று போன வாரம் என் மடியில் படுத்து அழுதார். நாம் ஏன் மனநலக் கவுன்சிலர் ஆகக் கூடாது என்று தோன்றுகிறது. நடிப்பில்தான் தோற்றுவிட்டேன், இதிலாவது மக்கள் மறுபடியும் என்னைத் தேடி வருவார்கள். தருமபுரியில் ஒரு அறை எடுத்து போர்டு மாட்டலாம் என்று பார்க்கிறேன். அண்ணனோ, "நடிச்சவ புத்தி சொன்னா யார் நம்புவா?" என்று சிரிக்கிறார். நான் நினைப்பது சரியா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு.

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த எதிர்வீட்டு அக்கா. கடிதம் கிடைத்த அன்றே இதை உங்களுக்குப் போனில் சொல்லச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

"செத்துடலாம் போல இருக்கு" என்பதை ஏதோ பேச்சுவாக்கில் வந்தது என்று விட்டுவிடாதீர்கள். தனியாக உட்காரவைத்து, "அக்கா, நெஜமாவே சாகணும்னு நெனப்பு வருதா?" என்று நேராகக் கேளுங்கள். நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. யாராவது கேட்டார்களே என்று பாரம் இறங்கியவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கம் தக்காளி போடுகிற வீடுகள் அதிகம். பூச்சிமருந்து டப்பா திண்ணை ஓரத்திலேயே கிடக்கும். அதை அந்த வீட்டிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அந்த நினைப்பு வேகமாக வரும். கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லையென்றால் பல நேரம் அப்படியே தணிந்தும் போகும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) அவர் போனில் போட்டுக் கொடுங்கள். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே உடன் போய்வாருங்கள்.

சரி, இப்போது நீங்கள்.

நானும் அந்தப் பாதையில் வந்தவள்தான். காவேரிப்பட்டணம் பக்கம் பிறந்து, பன்னிரண்டு வருடம் சீரியலில் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் ஆலோசகராக இருக்கிறேன். என் நடிப்பு முடிந்த கதையைச் சொல்கிறேன். ஒருநாள் ராத்திரி அம்மா பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, நான் நடித்துக்கொண்டிருந்த சீரியலைப் பார்த்தேன். கதவு திறந்தது. நான் கட்டுகிற அதே புடவையில் வேறு ஒரு பெண் உள்ளே வந்தாள். கீழே "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்து வந்தது. எனக்கு யாரும் ஒரு போன்கூடப் போடவில்லை. சம்பளப் பாக்கி இன்றுவரை வரவில்லை. அம்மா அவசரமாக ரிமோட்டை எடுத்தார். கை நடுங்கியதில் சேனல் மாறவே இல்லை. களி உருண்டை எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அதன்பிறகு ஒரு வருடம் வாசல் தாண்டவில்லை. கடைசியில் தம்பிதான் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனான். அங்கே என்னிடம் பேசிய அம்மா கன்னடக்காரர். தமிழ் சீரியல் பார்த்தவர் இல்லை. நாற்பது நிமிடம் நான் பேசினேன், அவர் கேட்டார். நான் யார் என்று தெரியாத ஒருவர் என்னைக் கேட்டது பல வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "இதிலாவது மக்கள் மறுபடியும் என்னைத் தேடி வருவார்கள்." தங்கச்சி, அந்த ஏக்கம் எனக்கும் இருந்தது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகக் கூடாது. அங்கே நமக்குப் பாத்திரமே கிடையாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். படிக்கும்போது பயிற்சிக்காக நான் சந்தித்த மூன்றாவது ஆள், மகளைப் பறிகொடுத்த ஒரு தாய். (இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.) அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. கிளிசரின் இல்லாமலே அழுவாள் என்று செட்டில் எனக்குப் பெயர். அந்தம்மா பேச்சை நிறுத்தினார். முந்தானையால் என் கண்ணைத் துடைக்க வந்தார். "அழாதீங்க மேடம்" என்றார். அன்றைக்கு அதற்குப் பிறகு மகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என் அழுகை உண்மைதான், நடிப்பில்லை. ஆனாலும் அவருடைய நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். என்னை மேற்பார்த்த ஆசிரியர், "அவங்க அழ வந்த எடத்துல நீங்க அழுதுட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

செட்டில் கற்றது எல்லாமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உதவி இயக்குநர் கேமரா பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்க, அதைக் காதில் வாங்கிக்கொண்டே எதிரில் நிற்பவர் முகத்தையும் விடாமல் பார்ப்போமே, அந்தப் பழக்கம் பெரிய சொத்து. வாய் "ஒண்ணுமில்லீங்க" என்கிறபோது விரல் தாலிக்கொடியை முறுக்கிக்கொண்டிருப்பது என் கண்ணில் படுகிறது என்றால், அது அங்கே பழகியது. விட வேண்டியது வேறு: அடுத்த வசனத்துக்குத் தயாராகிற அவசரம். சீரியலில் யாராவது பேசாமல் இருந்தால் இசை போட்டு நிரப்பிவிடுவார்கள். இங்கே ஃபேன் சத்தம்தான் இருக்கும். அந்த அரை நிமிடத்தை நிரப்பாமல் உட்கார்ந்திருக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அண்ணன் சொன்னதில் பாதி தப்பு, பாதி சரி. நம் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். விடிய விடியத் துச்சாதனன் வேஷம் கட்டியவர் காலையில் காதோரம் ஒட்டிய அரிதாரத்தோடு டீக்கடையில் நிற்பார். அவரிடம்தான் நிலத் தகராறுக்கு யோசனை கேட்பார்கள், மகளுக்கு மாப்பிள்ளை விசாரிக்கச் சொல்வார்கள். வேஷம் வேறு, ஆள் வேறு என்று நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே உங்கள் வில்லி வேஷத்தால் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் "புத்தி சொன்னா" என்றாரே, அங்கேதான் யோசிக்க வேண்டும். புத்தி சொல்ல அந்தப் பெண்களுக்கு மாமியாரிலிருந்து அண்ணன்வரை ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது வேறு வேலை. அதற்குப் படிக்க வேண்டும்.

பமீலா ஸ்டீபன்சன் என்று ஒருவர். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1979 முதல் 1982 வரை பி.பி.சி.யின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் நடித்து இங்கிலாந்து முழுக்கத் தெரிந்த முகம் ஆனார். அப்புறம் அமெரிக்கா போய், உளவியலில் முனைவர் பட்டம்வரை படித்துவிட்டுத்தான் மருத்துவ உளவியலாளராகத் தொழில் தொடங்கினார். பிறகு பத்திரிகையில் கேள்வி-பதில் பகுதியும் எழுதினார். புகழை வைத்து அவர் குறுக்கு வழியில் போகவில்லை.

நீங்களும் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்துவதை 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்தச் சொல்லிவிட்டது. யாராவது வீட்டிலிருந்தே பட்டம் என்றோ, மூன்று மாத டிப்ளமோ என்றோ விளம்பரம் காட்டினால் பணம் கட்டிவிடாதீர்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது, உங்கள் ஊர் வழியாகவே சேலத்துக்கு ரயிலும் போகிறது. பி.காம். படித்தவரைச் சேர்த்துக்கொள்வார்களா என்று முதலில் விசாரியுங்கள், இடத்துக்கு இடம் விதி மாறும். மேற்பார்வையில் ஆட்களைச் சந்திக்கும் பயிற்சி உண்டா என்பதை அவசியம் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், அது தனிப் படிப்பு. மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. நாம் அதில் தலையிடக் கூடாது.

நம் மாவட்டங்களில் இன்னொன்று. பதினாறு வயதுப் பெண் பிள்ளை வந்து அழும். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ன் போக்சோ சட்டம், மறைப்பது குற்றம். அந்த வயதில் கல்யாணம் பேசி முடிக்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்ல வேண்டும். சொன்னால் ஊரில் பகை வரும். எனக்கு வந்தது. பேச்சைத் தொடங்கும்போதே, எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுவேன்.

செல்ஃபி கேட்பார்கள். என்னிடமும் கேட்கிறார்கள். அறைக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவருடைய படம் நம் போனில் இருப்பதே அவர் நம்மிடம் வந்தார் என்பதற்குச் சாட்சி ஆகிவிடும். வருமானம் முதல் வருடம் எனக்கு அறை வாடகைக்கே சரியாகப் போனது. அதனால் தொடக்கத்தில் சம்பள வேலை நல்லது. கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையம், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம், பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆலோசகர் பணி உண்டு.

கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் முன்பு ஒரு வேலை. இரண்டு வருடமாகக் கூப்பிட ஆள் இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். பதினோரு வருடம் அத்தனை லேசாகப் போயிருக்காது. ஒரு நல்ல ஆலோசகரிடம் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பேசிவிட்டு வாருங்கள்.

போர்டு இப்போது வேண்டாம். அறைக்கு வைத்திருக்கும் அட்வான்ஸ் பணத்தைக் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள். நீங்கள் வகுப்புக்குப் போகும் நாட்களில் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று அண்ணனிடம் இப்போதே பேசுங்கள். சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் மகன் பேசினானா என்றும் எழுதுங்கள்.