லீன் என்றால் என்ன? ஏஐ எழுதும் கணித நிறுவலுக்கு அது ஏன் தேவை?

லீன் என்பது கணித நிறுவலை வரிவரியாகச் சோதிக்கும் இலவச, திறந்த மென்பொருள். ஒரு வரி முந்தையவற்றிலிருந்து வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடும். ஏஐ சொற்களை ஊகித்து எழுதுவதால் பிழையையும் சரளமாக எழுதும். அதனால்தான் இந்தச் சோதனை. தேயிலைக் கொழுந்துச் சாக்கு எவ்வளவு பருமனாகத் தெரிந்தாலும் தராசு காட்டும் கிலோதானே கணக்கில் ஏறும்? 2024இல் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாபுரூஃப் என்ற ஏஐ, சர்வதேச கணித ஒலிம்பியாட் போட்டியின் மூன்று கணக்குகளுக்கு லீனில்தான் நிறுவல் எழுதியது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. உயர்தர இணைந்த கணிதப் பாடத்துக்கு ஆசிரியர் கிடைக்காத தோட்டத்துப் பிள்ளையும் லீனில் இயங்கும் ‘இயற்கை எண் விளையாட்டை’ உலாவியில் திறந்து, எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே என்பதைத் தொகுத்தறிவு முறையில் (முதல் எண்ணுக்குக் காட்டி, ஓர் எண்ணுக்குச் சரியானால் அடுத்ததற்கும் சரி என்று காட்டுவது) தானே நிறுவலாம். தவறினால் உடனே தெரியும்.

லீன் தானே யோசித்து விடை தரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரிபார்க்கும், அவ்வளவுதான். நிறுவ வேண்டிய கூற்றைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.